வானத்தில் கட்டிய கிழங்கு

எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. அதன் நுனியில் ஐந்து செம்புக் கம்பிகள். ஒன்று நேராக வானத்தைப் பார்க்கும். மற்ற நான்கும் நாலு பக்கமும் சரிந்து கீழே பார்க்கும். துணி பறந்துபோன பொம்மைக் குடை என்று சொன்னால் சரியாக இருக்கும். மாரண்டஹள்ளியில் எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. பணம் கட்டாமல் டிவி பார்க்க நான் செய்த ஏற்பாடு என்று எதிர்வீட்டில் நினைக்கிறார்கள். இடிதாங்கி என்று நினைத்து நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். என் கணவரின் தக்காளி மண்டிக்கு வரும் வியாபாரி ஒருவர் ஒருநாள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"டீச்சரம்மா, இது நாளைக்குத் தக்காளி ரேட்டு சொல்லுமுங்களா?"

"சொல்லாதுங்க."

"அப்பறம் என்னாத்துக்குங்க?"

"ஏரோப்பிளேன் பிடிக்கங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

நான் அரசு மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்தக் கம்பிக் குடையை இயற்பியல் ஆர்வத்தில் செய்தேன் என்று சொன்னால் அது பொய். பயத்தில் செய்தேன். எங்களுக்கு ஒரே மகள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேலை. அவள் முதல்முறை கிளம்பிய அன்று, விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஆப் ஒன்றை போனில் போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு மேலே போனதும் அது காணாமல் போய்விட்டது. என் கணவர் எழுந்து வந்து, "கடலுக்குள்ள யாரு ஆன்டனா வெச்சிருக்காங்க? அதான் தெரியல. படு" என்றார். அவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. அந்த வரைபடத்தில் ஓடும் விமானங்களில் பெரும்பாலானவை, உலகமெங்கும் யார் யாரோ தங்கள் வீட்டுக் கூரையில் வைத்த கம்பிகள் பிடித்துக் கொடுத்தவை.

யாரோ கூரையில் வைக்கலாம், நான் வைக்கக் கூடாதா?

வீட்டு வயரிங்கில் மிச்சமான செம்புக் கம்பியைச் சுண்டுவிரலைவிடச் சற்று நீளமாக வெட்டி, பழைய கேபிள் டிவி வயரில் பற்றவைத்து, பென் டிரைவ் அளவுள்ள ஒரு ரிசீவரை ஆன்லைனில் வாங்கி, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் சொருகினேன். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. கம்பியை மறுபடி வெட்டினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, திரையில் பெங்களூரிலிருந்து கொச்சிக்குப் போகும் ஒரு விமானம் வந்து நின்றது. கரண்டியோடு நான் போட்ட கூச்சலில் என் கணவர் முகத்தில் சோப்போடு ஓடிவந்தார்.

ஒவ்வொரு விமானமும் ஓயாமல் கத்திக்கொண்டே போகிறது: நான் இன்னார், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன், இந்த வேகத்தில், இந்தப் பக்கமாகப் போகிறேன். யாரும் கேட்காமலேயே சொல்கிறது. ஒரு பிள்ளை இப்படி இருந்துவிட்டால் எந்தத் தாய்க்கும் ரத்த அழுத்தம் வராது. என் மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால், "ம்" என்பாள். அந்த "ம்" காலைச் சாப்பாடா, நேற்றைய சாப்பாடா என்று கண்டுபிடிக்க இதுவரை எந்த ரிசீவரும் வரவில்லை.

அவள் தாராளமாகப் பேசுவது ஒரே விஷயத்தில்தான், விலை. எங்களுக்கு மாலை, அவளுக்குக் காலை. வீடியோ காலில் அப்பாவும் மகளும் உட்கார்ந்துவிடுவார்கள். அவள் அங்கே ஒரு பொருளின் விலையைச் சொல்வாள். இவர் அதை ரூபாய்க்கு மாற்றமாட்டார். ரூபாய் எல்லாம் அவருக்கு வெறும் நம்பர். தக்காளிப் பெட்டிக்கு மாற்றுவார்.

"அப்பா, முடி வெட்டிக்கிட்டேன்."

"எவ்ளோ?"

சொன்னாள். இவர் கண்ணை மூடி, அன்றைய பாலக்கோடு மார்க்கெட் ரேட்டை மனதில் வைத்து ஒரு நிமிடம் யோசித்தார்.

"அடியே, ஒரு குட்டியானை வண்டி லோடு தக்காளியத் தலையில இருந்து எறக்கிட்டு வந்திருக்கிறியே! கத்திரிக்கோலு இல்லியா வூட்ல?"

அந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. தக்காளி விலை நிலையாக நிற்கிற ஜாதி இல்லை. பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுகிற வாரத்தில், அமெரிக்காவில் கறிவேப்பிலைப் பாக்கெட் ஒன்று எங்கள் மண்டியையே விழுங்கும். மழையில் செடி அழுகி விலை ஏறுகிற வாரத்தில் அமெரிக்கா அப்படியே மலிந்துபோகும். "இந்த வாரம் தாராளமா செலவு பண்ணும்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்வார். அங்கேதான் மலிவு என்று சில பொருள்களும் உண்டு. லேப்டாப், ஷூ. அவற்றை அவள் சொல்லும்போது மட்டும் இவருக்கு சிக்னல் கிடைக்காது. "ஹலோ, ஹலோ, கேக்கலம்மா" என்பார்.

பல் அடைக்க, கண்ணாடி மாற்ற, காய்ச்சலுக்கு டாக்டரை ஐந்து நிமிடம் பார்க்க என்று விளையாட்டு மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியதை நான் கவனிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு எத்தனை பெட்டி என்று ஒருநாள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒரு மாலை, அதே விளையாட்டுக் குரலில் அவள் கேட்டாள்.

"அப்பா, பித்தப்பைய எடுக்கறதுக்கு நம்மூர்ல எத்தன பெட்டி?"

இவர் உற்சாகமாகக் கண்ணை மூடினார். போன வருடம் அவர் நண்பருக்குச் சேலத்தில் எடுத்தார்கள். அந்தக் கணக்கைப் பெட்டியாக்கிச் சொன்னார். "அங்க?" என்றார். அவள் சொன்னாள். "பாலக்கோடு தாலுக்காவுல அவ்ளோ தக்காளி வெளையாதும்மா" என்று சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸ் யாரோ ஒருவர் கூப்பிடுவது. முடி எல்லோரும் வெட்டுவது. பித்தப்பை விலையை யார் சும்மா கேட்பார்கள்?

"யாருக்கும்மா?" என்று நான் கேட்டேன்.

"ம்" என்றாள்.

வலி வந்து நாளாகியிருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே. ஸ்கேன் எடுத்து, கல் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஸ்கேனுக்கு வந்த பில்லைப் பார்த்த வலிதான் பெரிய வலியாக இருந்தது என்றாள்.

"இன்ஷூரன்ஸ் இல்லியாடி?"

"இருக்குதும்மா. அது நடுவழியில வந்து நம்மள ஏத்திக்கிற பஸ்ஸு. அது வர்ற வரைக்கும் நாமதான் நடக்கணும். ரொம்ப தூரம் நடக்கணும், எல்லாம் கைக்காசுல."

"வந்துடு" என்றேன். யோசிக்கவே இல்லை. "டிக்கெட்டு, ஆஸ்பத்திரி, எல்லாம் சேத்தாலும் அங்க ஆகறதுல கால்வாசிகூட வராது. பொறப்பட்டு வந்துடு."

அவள் டிக்கெட் போட்டாள். சிங்கப்பூர் வழி, அதுதான் மலிவு. அவளுடைய டாக்டரும் போகலாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. வயிற்றில் கல்லை வைத்துக்கொண்டு பாதி உலகத்தைத் தாண்டி வரப்போகிறாள். நடுக்கடலில் வலி வந்தால்? மலிவு மலிவு என்று கூப்பிட்டவள் நான்தானே? வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டே இதை நினைப்பேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து, பாடம் அவ்வளவு சோகமானது என்று எண்ணியிருப்பார்கள்.

அவள் வரும் நாள் காலையில் என் கணவர் காரின் பின்சீட்டில் தலையணை, போர்வை, பிளாஸ்க் எல்லாம் வைத்துக் கிளம்பினார். நான் போகவில்லை.

"ஊரு ஒலகத்துல பெத்தவங்க ஏர்போர்ட்டு வாசல்ல நின்னு பாப்பாங்க. நீ மட்டும்தான் வூட்ல ஒக்காந்து பாக்கிற" என்றார்.

"வாசல்ல நின்னா எறங்கினப்பறந்தாங்க தெரியும். எனக்கு எறங்கறதுக்கு முன்னாடி தெரியணும்."

"தெரிஞ்சி? கீழ இருந்து கை குடுக்கப் போறியா?"

"பாத்து ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

எனக்குத் துணையாக என் கணவரின் அக்கா இருந்தார். அடுத்த வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கறார் பேர்வழி, பக்தி மிக்கவர். என் கம்பிக் குடையை அவர் மதித்ததே இல்லை. அன்று காலை ஒரு மஞ்சள் பையோடு வந்து, திரையை எட்டிப் பார்த்து, "எங்க கண்ணு வர்றா இப்ப?" என்றார். கரையை நெருங்கி, கடலுக்கு மேலே நகர்ந்து வந்த சின்னப் புள்ளியைக் காட்டினேன்.

"இதா? ஈ மாதிரி இருக்குது."

"அதுக்குள்ளதாங்க்கா இருக்கறா."

"ஒசரம் எவ்ளோ?"

சொன்னேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

விமானம் கரையைத் தாண்டியது. திருவண்ணாமலை தாண்டி, எங்கள் மாவட்டத்துக்குள் வந்து, சித்தேரி மலைப்பக்கம் உயரம் குறைய ஆரம்பித்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் வந்ததும் அது திரும்பியது. நேரே பெங்களூருக்குப் போகவேண்டிய விமானம் ஏன் திரும்புகிறது? ஒரு முழு வட்டம் போட்டது. இன்னொரு வட்டத்தைத் தொடங்கியது. கீழே இடம் இல்லையென்றால் அப்படிச் சுற்றவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் எத்தனையோ விமானங்கள் அப்படிச் சுற்றியதைப் பார்த்து நான் காபி குடித்திருக்கிறேன். ஆனால் அவற்றில் என் மகள் இல்லை.

இரண்டாவது வட்டத்தின் பாதியில் விமானம் காணாமல் போனது.

லேப்டாப்பைத் தட்டினேன். வயரைக் கழற்றி மாட்டினேன். போனில் பார்க்கலாம் என்றால், சொந்த ஆன்டனா வந்த திமிரில் அந்த ஆப்பை எப்போதோ நீக்கிவிட்டிருந்தேன். மறுபடி போட்டால் பாஸ்வேர்டு கேட்டது. அவசரத்தில் அடித்தேன், தப்பு என்றது. மறுபடி அடித்தேன், நீ ரோபோவா என்று கேட்டு, டிராஃபிக் லைட் படத்தை எல்லாம் தொடச் சொன்னது. என் மகள் வானத்தில் காணாமல் போயிருக்கிறாள், நான் டிராஃபிக் லைட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போனைத் தூக்கி மெத்தைமேல் எறிந்துவிட்டு, மறுபடி எடுத்துக் கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, ஃப்ளைட்டக் காணோங்க!"

"காணோம்னா?"

"சுத்திச்சிங்க. ரெண்டு சுத்து. அப்பறம் இல்லீங்க. போயிருச்சிங்க."

அவர் மெதுவாகக் கேட்டார். "மத்த ஃப்ளைட்டெல்லாம் தெரியுதா?"

பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். "ஒண்ணுமே இல்லீங்க. ஸ்க்ரீனே காலி."

"அப்ப மொத்த ஃப்ளைட்டும் ஒண்ணாவா வுழுந்திருக்கும், டீச்சர்? மேல போயி குடையப் பாரு."

நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: கருவி காட்டாவிட்டால் முதலில் கருவியைச் சந்தேகப்படு. படியில் ஏறும்போது அதை நினைத்தேன். நினைத்தும் இரண்டிரண்டு படியாகத் தாவித்தான் ஏறினேன்.

மேலே என் கணவரின் அக்கா ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். சேலையை இடுப்பில் செருகி, வாயில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியைக் கடித்துக்கொண்டு, என் ஆன்டனாவில் ஒரு கிழங்கைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆகாச கருடன் கிழங்கு. திருஷ்டி கழிய வீட்டு வாசலில் தொங்கவிடுவார்களே, கோழிக்குஞ்சு அளவில், அதுதான். சித்தேரி மலைக்காரர்கள் காட்டிலிருந்து தோண்டிக்கொண்டுவந்து சந்தையில் விற்பார்கள். மஞ்சளும் குங்குமமும் பூசி, நேராக நிற்கும் கம்பியில் சாய்த்து, சரிந்த நாலு கம்பிகளோடும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார். என் ஆன்டனா கோழியைக் கட்டித்தூக்கிய மாதிரி இருந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அவரை நோக்கி நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்தடவை.

அவர் வாயிலிருந்து கம்பியை எடுத்தார். "ஏன் கண்ணு கத்தற? இன்னும் ஒரு முடிச்சுதான்."

"அதுல போயி ஏங்க்கா கட்டினீங்க? வாசல்ல கட்டக் கூடாதா?"

"வாசல்ல கட்டினா வாசல்ல வர்றவங்களுக்கு. புள்ள வானத்துல இல்ல வர்றா? வூட்லயே ஒசரமான எடம் இதுதான். அவ்ளோ ஒசரத்துல வர்ற புள்ளைக்கு யாரு கண்ணு வெச்சாங்களோ, வயித்துல கல்லு." கொஞ்சம் நிறுத்தி, "நீ அதுல பாக்கற. நான் இதுல பாக்கறேன். உனக்கு மட்டுந்தான் புள்ளையா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்கும், ஏணிமேல் இருந்ததால் ஒத்திப்போட்டார் என்று நினைக்கிறேன். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சத்தம் கேட்டது. கிழக்கே, ரொம்ப உயரத்தில், வெயிலில் மின்னிக்கொண்டு ஒரு விமானம் வளைந்து திரும்பியது. அது எவருடையது, எங்கே போகிறது, ஒன்றும் தெரியாது. கேட்டுச் சொல்ல ஆன்டனா இல்லை. அதுதான் கிழங்கோடு கட்டுண்டு கிடந்ததே.

"அதுதான் கண்ணு" என்று அவர் தீர்மானமாகச் சொன்னார். ஏணிமேல் நின்றபடியே கையை ஆட்டினார். என்னையும் ஆட்டச் சொன்னார். ஒரு கை ஏணியில், ஒரு கை வானத்தில். எதிர்வீட்டில் பார்த்திருப்பார்கள். டிவி இலவசமாகத் தெரிந்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள்.

கட்டுக்கம்பியை அவிழ்த்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

"அம்மா, எறங்கிட்டேன்."

"வலிக்குதாடி?"

"ம்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த "ம்" எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. ஓசூரிலேயே வாந்தி எடுத்திருக்கிறாள். நேராகச் சேலத்துக்கு ஓட்டச் சொல்லிவிட்டு, நானும் அக்காவும் பஸ் பிடித்தோம். மறுநாள் ஆபரேஷன். நான் வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் எந்தத் திரையும் என்னிடம் இல்லை. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அது உயரமும் சொல்லவில்லை, வேகமும் சொல்லவில்லை. அக்கா பையைத் திறந்து எதையோ எடுக்கப்போனார். "இங்க கட்டாதீங்க்கா" என்றேன். "தண்ணி பாட்டில் கண்ணு" என்றார்.

நல்லபடியாக முடிந்தது. எடுத்த கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்தினியூண்டு கல்லுக்கா இத்தன ஏரோப்பிளேனு?"

பில் வந்ததும் என் கணவர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். அந்த வாரம் பார்த்துத் தக்காளி ரோட்டில் கிடந்தது. பெட்டிக் கணக்கு எங்கேயோ போய் நின்றது. "அடுத்த தடவ நல்ல ரேட்டு இருக்கும்போது வலி வரவெச்சிக்கம்மா" என்றார். தையல் பிரிந்துவிடும், சிரிக்க வைக்காதே என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சிரித்து முடித்தபிறகு அவள்தான் சொன்னாள். கடலுக்கு மேலேயே வலி ஆரம்பித்துவிட்டதாம். இறங்கப்போகிறோம், பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தபோது விமானம் சுற்ற ஆரம்பித்ததாம். தாங்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாளாம்.

"கீழ நம்மூருதான்னு தெரிஞ்சிச்சும்மா. இப்ப அம்மா ஸ்க்ரீன்ல பாத்துக்கிட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். என்னமோ நீ என் மூஞ்சியவே பாக்கற மாதிரி. அதான் நிமிந்து ஒக்காந்துக்கிட்டேன். அழல."

அந்த இரண்டாவது வட்டத்தில்தான் என் திரை காலியாக இருந்தது. நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தேன். எதிலும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனிதர், ஆரஞ்சை உரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா, டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

"நீ எங்க பாத்த? கெழங்குதான் பாத்துச்சு."